வளைவில் இரண்டு தட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் எஸ்டேட்டுக்கு அந்த ஜீப் பட்டாளத்து ஏலத்தில் வந்தது. சேற்றில் ஃபோர் வீல் போட்டால் எந்த மேட்டிலும் ஏறும். சண்டையில் அடிபட்டவர்களைக் கொண்டு போக மாற்றிய வண்டி. பின்னால் ஸ்ட்ரெச்சர் பொருத்த இரண்டு இரும்புக் குழாய்கள், டிரைவர் சீட்டு வரை நீண்டிருக்கும். முதலாளி வெள்ளை அடித்தார். ஒரே மழைக்காலத்தில் பட்டாளப் பச்சை திரும்ப எட்டிப் பார்த்தது. பாடை வண்டி என்று அதற்குப் பேர் வைத்தது நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஓட்டியவர் என் வீட்டுக்காரர். பட்டாளத்திலும் இதே மாதிரி வண்டியைத்தான் ஓட்டினார். ஒவ்வொரு வளைவு தாண்டியதும் ஸ்பானரால் குழாயில் இரண்டு தட்டுத் தட்டுவார். பின்னால் படுத்திருப்பவன் திருப்பி இரண்டு தட்ட வேண்டும். பதில் வராவிட்டால் வண்டியை நிறுத்திப் போய்ப் பார்க்க வேண்டும். அதுதான் முறையாம். ஊருக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. பின்னால் ஏலக்காய் மூட்டை கிடந்தாலும் தட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார்.

"என்ன, ஏலக்காய் பதில் சொல்லுச்சா?" என்று கேலி செய்வேன்.

ஒருநாள் சிரிக்காமல் சொன்னார். "ஒரு பையன் தட்டிக்கிட்டே வந்தான் புள்ள. பாதி வழியில நின்னுபோச்சு. குண்டு விழுந்துக்கிட்டு இருந்துச்சு, அங்க நிறுத்த முடியல. எறக்கிப் பாக்கையில உசுரு இல்ல."

அப்புறம் நான் கேலி செய்ததில்லை.

மகள், எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எங்கள் வீட்டிலேயே பிறந்தாள். நஞ்சுக்கொடி விழவில்லை, ரத்தமும் நிற்கவில்லை. எஸ்டேட் கம்பவுண்டர் கையை விரித்துவிட்டார்; போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால்தான் பிழைப்பேன் என்றார். பகல்தான், ஆனால் மழை, மூடுபனி. பின்பக்கத் தார்ப்பாய் ஒழுகியதால், பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்கா முன்னால் உட்கார்ந்தாள். ஸ்ட்ரெச்சரில் நான் தனியே. நான் வைத்த பேர் எனக்கே பலிக்கப் போகிறதே என்று அழுதேன்.

போடிமெட்டு தாண்டி இறக்கம். முதல் வளைவில் தட்டினார், தட்டினேன். அடுத்ததிலும் தட்டினேன். அதற்கடுத்து கையைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. பதில் இல்லையென்றால் நிறுத்திவிடுவார், நிறுத்தினால் உயிரோடு போய்ச் சேர மாட்டேன் என்று பயந்தேன். அதோடு நினைவில்லை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றாராம் டாக்டரம்மா.

"நல்லவேளை, நீ கடைசிவரைக்கும் தட்டிக்கிட்டே வந்த. எங்கயும் நிறுத்தல," என்றார் என் வீட்டுக்காரர்.

அக்காவும் தலையாட்டினாள். "எனக்குங்கூடக் கேட்டுச்சு. அடிவாரம் வரைக்கும் கேட்டுச்சு."

"நான் தட்டலைங்க," என்றேன். "ரெண்டு வளைவுக்கு மேல எனக்குக் கை எழும்பல."

அக்கா பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"அப்ப இந்தத் தடவ அவன் வந்து சேந்துட்டான்," என்றார்.

திரும்பி மலையேறும்போது அவர் எந்த வளைவிலும் தட்டவில்லை. நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஸ்ட்ரெச்சரை விட்டு ஒதுங்கி ஓரமாக உட்கார்ந்திருந்தேன். போடிமெட்டு நெருங்கும்போது மனசு கேட்காமல் நானே குழாயில் இரண்டு தட்டுத் தட்டினேன். பதில் வரவில்லை. அந்தப் பட்டாளத்துப் பையன் யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்து ஊர் வந்து சேரும் வரை அழுதேன்.