பொன்மணியின் குரலும் பிரொட்யூசர் கொழுந்தனும்

கொச்சி மட்டாஞ்சேரியில் பொன்மணியின் வாயை அறியாதவர் யாரும் கிடையாது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து புருஷன் ராமரோடு இங்கே வந்து பத்தொன்பது வருஷம். ராமர் பெட்டி ஆட்டோ ஓட்டுவான். பின்னால் காய்கறிக் குவியலுக்கு நடுவே தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு பொன்மணி கூவுவாள். "சவாளயே... தக்காளியே... உருளக்கெழங்கே!" என்று கூவப்பாடம் முக்கில் ஆரம்பித்தால் அடுத்த தெரு மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவளுக்குக் கேட்கும். சவாள என்றால் இங்கே பெரிய வெங்காயம். அந்தக் கூவலில் சாமான் பெயர் பாதி, வசவு பாதி. "என்ன, இன்னும் எந்திரிக்கலையா? மத்தியானம் மாப்பிள்ளைக்கு வெறுஞ்சோறுதானா?" என்பாள். ஏச்சு வாங்கிக்கொண்டே வந்து வாங்குவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று சும்மாவா சொன்னார்கள்!

அந்த வாய்க்குத்தான் கேடு வந்தது. போன மழைக்காலம் முடிந்தபோது குரல் கரகரத்தது, பிறகு கிழிந்தது. எறணாகுளத்துத் தொண்டை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே முடிச்சு விழுந்திருக்கிறது, வெட்டி எடுக்க வேண்டும் என்றார். ஆபரேஷனுக்கு அப்புறம் மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மறுபடி கூவ முடியுமா என்று கேட்டதற்கு, அது அப்புறம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

மூன்று வாரம் வண்டி நின்றால் தெரு போய்விடும். இது டாக்டருக்குத் தெரியாது, பொன்மணிக்குத் தெரியும். இப்போதே ஒலிபெருக்கி கட்டிய கம்பெனி வண்டிகள், யாரோ ஒருத்தியின் சர்க்கரைக் குரலைப் போட்டுக்கொண்டு சுள்ளிக்கல்லில் இருந்து சுற்றிச் சுற்றி வருகின்றன. "நான் கூவட்டா?" என்று ராமர் கேட்டான். ஒரு நாள் கூவியும் பார்த்தான். இழவு சொல்ல வந்தவன் என்று நினைத்து இரண்டு பேர் கதவைத் திறந்து "யாரு மரிச்சது?" என்று கேட்டார்கள்.

அப்போதுதான் வீட்டிலிருக்கிற பிரொட்யூசரின் ஞாபகம் வந்தது.

பிரொட்யூசர் என்றால் ராமரின் தம்பி அருண்பாண்டி. தோப்பும்படியில் ஒரு மொபைல் கடையில் டிஸ்பிளே மாற்றுகிறவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய லேப்டாப்பும், குழந்தைகள் தட்டுகிற மாதிரி ஒரு சின்ன கீபோர்டும் வாங்கிக்கொண்டு வந்து, "மதினி, இனி நான் மியூசிக் பிரொட்யூசர்" என்றான். "பிரொட்யூசர்னா படத்துக்குத் துட்டு போடுறவன்லா?" என்றாள் பொன்மணி. அன்றைக்கு ஆரம்பித்த கூத்து.

இருந்ததே ஒரு ரூம், ஒரு அடுக்களை. ரூமில் எதிரொலி வருகிறது என்று ஹோட்டல் ஹோட்டலாகப் போய் முட்டை அட்டை வாங்கிவந்து சுவர் முழுக்க ஒட்டினான். எதிரொலி போனதோ இல்லையோ, கரப்பான் வந்தது. ரெக்கார்டிங் என்றால் ஃபேனை நிறுத்த வேண்டும். ஜன்னலில் மெத்தையை அடைக்க வேண்டும். கொச்சிப் புழுக்கத்தில் மூன்று பேரும் வேர்த்து ஊற்றிக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருக்க, பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடிக்கும். "போச்சு!" என்று தலையில் கைவைப்பான். காக்கா கத்தினால் போச்சு. படகு ஹார்ன் அடித்தால் போச்சு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

படிப்பெல்லாம் யூடியூபில். அதில் ஒருத்தன் வருவான், பத்து நிமிஷம் பெல் பட்டனை அமுக்கச் சொல்லுவான், பதினோராவது நிமிஷம் ஒரு டப்பாவைத் தட்டிக் காண்பிப்பான். அருண்பாண்டி அதை நோட்டில் எழுதிக்கொள்வான்! லேப்டாப்பில் நூற்று நாற்பது பாட்டு வைத்திருந்தான். ஒவ்வொன்றும் இருபது செகண்ட். இருபத்தோராவது செகண்டுக்கு என்ன செய்வதென்று அவனுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. "எல்லாம் ஐடியா, மதினி" என்பான். பூண்டு உரித்துக்கொண்டே பொன்மணி அந்தத் திரையைப் பார்ப்பாள். பச்சையும் ஊதாவுமாக நீளக் கட்டங்கள் ஓடும். எந்தக் கட்டையைத் தட்டினால் ஓடும், எந்த எழுத்தைத் தொட்டால் கொட்டு வாயடைக்கும் என்பதெல்லாம் மூன்று வருஷம் பூண்டு உரித்ததில் தானாகப் படிந்துபோனது. படிப்பு என்று அதை அவள் நினைத்ததே இல்லை.

கூவலைப் பிடித்து வைத்து வண்டியில் ஒலிபெருக்கி கட்டிப் போடுவது என்று முடிவானது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் ரெக்கார்டிங். மைக்குக்கு முன்னால் நிறுத்தி, "கூவுங்க மதினி" என்றான்.

"செவத்தப் பாத்து எப்படிலே கூவ? முட்டை அட்டையா தக்காளி வாங்கப் போகுது?"

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, பஜார் ரோட்டுச் சந்தில் மரியம் வீட்டு மாடி ஜன்னலை மனசில் நிறுத்திக்கொண்டாள். ராவுத்தர் வீட்டு மரியம் இத்தாவுக்கு, அதாவது மரியம் அக்காவுக்கு, முட்டு வலி, மாடியை விட்டு இறங்கி மூன்று வருஷமாகிறது. பொன்மணி குரல் கேட்டால் ஜன்னலுக்கு வந்து, கயிற்றில் கூடையை இறக்குவாள். கூடைக்குள் காசு இருக்கும், "போன தடவ தந்த சவாள சீஞ்சதாக்கும்" என்ற அழுகல் புகாரும் கூடவே இறங்கும். அந்த ஜன்னலைப் பார்த்துப் பொன்மணி கூவினாள். இருந்த குரலை எல்லாம் போட்டு இருபது நிமிஷம் கூவினாள். நடுவில் நிறுத்தினாள், மூச்சு வாங்கினாள், வராத பதிலுக்குப் பழக்கதோஷத்தில் பதில் சொன்னாள், அருண்பாண்டியையும் நாலு ஏசினாள். முடித்தபோது வாயில் ரத்தச் சுவை இருந்தது. இதுதான் கடைசியோ என்று அவளுக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள் வண்டி கிளம்பியது. அருண்பாண்டி பெருமையாகப் பென் டிரைவை நீட்டினான். "பக்கா மிக்ஸ், மதினி. க்ளீன் பண்ணிட்டேன்."

குரங்கு கையில் பூமாலை! கொட்டு ஒரு பக்கம், குகைக்குள் கத்துகிற மாதிரி எதிரொலி ஒரு பக்கம். எந்த எதிரொலிக்குப் பயந்து சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினானோ, அதையே மெஷினில் செய்து மேலே ஊற்றியிருந்தான். குரலை வேறு இழுத்து நேராக்கி, வழவழவென்று ஆக்கியிருந்தான். மூச்சு இல்லை, வசவு இல்லை, நிறுத்தம் இல்லை. சவாளயேதக்காளியேஉருளக்கெழங்கே என்று ரயில் மாதிரி ஓடியது. பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஆடிக்கொண்டு வந்தன. வாங்க ஒருத்தரும் வரவில்லை. மரியம் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது, கூடை இறங்கவில்லை. மாடியில் மரியம் யாரிடமோ சொல்வது கேட்டது: "ஏதோ கம்பெனி வண்டியாக்கும்."

பத்தொன்பது வருஷம் கூவிய தெருவில் பொன்மணியையே கம்பெனி வண்டி என்று சொல்லிவிட்டார்கள். ஏசவும் வழியில்லை. வாயைக் கட்டினால் பாத்திரம் பேசும், அன்றைக்கு அடுக்களையில் அத்தனை பாத்திரமும் பேசியது. அப்புறம் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அருண்பாண்டி கடையில் இருக்கிற நேரம் பார்த்து, லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள்.

முதலில் கொட்டின் வாயை அடைத்தாள். அப்புறம் எதிரொலியின் வாயை. வழவழப்பைத் தேடிப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் மிஞ்சியது அவள் குரல்தான், துண்டு துண்டாக, ஒட்டி ஒட்டி வைத்தது. மீதிக் குரல் எங்கே? அழித்துவிட்டானா, படுபாவி! அந்த இருபது நிமிஷம் போனால் போனதுதான், இனி வராது. ஒரு கட்டத்தின் ஓரத்தில் மவுஸ் அம்பை வைத்து, ஆத்திரத்தில் இழுத்தாள். கட்டம் நீண்டது. நீண்ட இடத்தில் அவள் மூச்சு இருந்தது.

இன்னும் இழுத்தாள். "ஏலே, மூஞ்சிய என்னத்துக்கு உர்ருன்னு வச்சிருக்க?" என்றது. வெட்டியது எதுவும் எங்கேயும் போகவில்லை. மறைத்துத்தான் வைத்திருக்கிறது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அத்தனையும் வரும். மூன்று வருஷம் அந்தப் பெட்டியைக் கரித்துக்கொட்டியவள், ஹெட்போனைக் காதில் அமுக்கிக்கொண்டு தன் ஏச்சைத் தானே கேட்டு, சத்தம் வராமல் சிரித்தாள். நல்லாத்தான் ஏசியிருக்கேன், என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அருண்பாண்டி வந்து பார்த்துவிட்டுக் குதித்தான். "மதினி, நடுவுல சும்மா கெடக்கே! யாராவது கேப்பாங்களா?" அவள் கரண்டியை எடுத்தாள். அவன் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான்.

சும்மாவா கிடக்கிறது? கூவிவிட்டு அவள் நிறுத்துவது மூச்சுக்காக மட்டும் இல்லை. மேலேயிருந்து "நில்லு!" என்று சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற நேரம் அது. அந்த நேரத்தை வெட்டிவிட்டால், வாங்குகிறவள் எந்தச் சந்தில் வாயைத் திறப்பாள்? இதை எந்த யூடியூப் மகராசனும் அருண்பாண்டிக்குச் சொல்லித் தரவில்லை.

மறுநாள் மரியம் ஜன்னலுக்கு வந்தாள், ஆனால் வண்டி அதற்குள் தாண்டிவிட்டது. பொன்மணி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அடுக்களையிலிருந்து முட்டு வலியோடு ஜன்னலுக்கு வர அந்த மனுஷிக்குப் பதினாலு எண்ணிக்கை வேண்டும். ரெக்கார்டில் இவள் ஏழுதான் விட்டிருந்தாள். வீட்டுக்கு வந்து கட்டத்தைத் தள்ளிவைத்தாள். ஒரு கூவல், ஒரு வசவு, பதினாலு எண்ணிக்கை சும்மா, அப்புறம் "ஆ, நிக்கேன், நிக்கேன்! கூடைய விடுங்க!" வராத பதிலுக்கு அன்றைக்குச் சொன்ன அதே பதில்தான்.

அடுத்த நாள் பன்னிரண்டு எண்ணும்போதே ஜன்னலில் "நில்லெடீ!" என்றது. கூடை இறங்கியது. ராமர் சவாளயை நிறுத்துப் போட்டான். தார்ப்பாய்க்குக் கீழே பொன்மணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வியாபாரம் பழையபடி ஆனது. அருண்பாண்டி கடையில் உள்ளவர்களிடமெல்லாம், "என் ப்ரொடக்‌ஷன்தான், தெருவே கேக்குது" என்று அளந்துகொண்டிருந்தான். நூற்று நாற்பதுக்கு அப்புறம் முதல் முறையாக இருபத்தோராவது செகண்டைத் தாண்டிய ஒன்று அந்த லேப்டாப்பிலிருந்து வெளியே வந்திருக்கிறது. அதைச் செய்தவள் பூண்டு உரித்தவள். இதைச் சொல்லிக்காட்டவாவது குரல் வரட்டும் என்று பொன்மணி நாளை எண்ணினாள்.

மூன்று வாரம் முடிந்தது. டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார். முடிச்சு போய்விட்டது, இனி மெதுவாகப் பேசலாம் என்றார். பிறகு ராமரைப் பார்த்துச் சொன்னார், பொன்மணியைப் பார்க்கவில்லை. இனி கூவக் கூடாது, கூவினாலும் வராது. திரும்பி வருகிற வழி முழுக்க ராமர் ரோட்டையே பார்த்து ஓட்டினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருண்பாண்டிக்கு லீவு. தன் ப்ரொடக்‌ஷனைத் தெருவில் கேட்க வேண்டும் என்று வண்டியில் தொற்றிக்கொண்டான். மரியம் வீட்டுச் சந்தில் வண்டி நுழைந்தது. கூவல் வந்தது, வசவு வந்தது. பொன்மணி ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். பத்தில் ஜன்னல் பேசியது.

"எடீ பொன்மணீ! மூணு வாரமா ஒரே ஏச்சா ஏசுற? புதுசா ஒண்ணும் கிட்டலயா உனக்கு?"

பொன்மணி பட்டனை அமுக்கி, ஓடியதை அங்கேயே நிறுத்தினாள். ராமர் வண்டியை நிறுத்தினான். பொன்மணியின் நாக்கு நுனியில் பதில் இருந்தது. ஆனால் அது இனி கைக்கெட்டும் தூரம்தான் போகும், இரண்டாம் மாடிக்குப் போகாது. கொழுந்தனின் சட்டையைப் பிடித்து இழுத்து, காதில் கிசுகிசுத்தாள். அவன் அண்ணாந்து நின்று கத்தினான். "புது ஏச்சுக்குப் புது ரேட்டாம், இத்தா! கெட்டுப்போன சவாளயக் கேட்டு வாங்குத ஆளுக்கு இது போதுமாம்!"

மூன்று வருஷப் படிப்பு கடைசியில் ஒலிபெருக்கியாக வந்து நின்றது. அதுவும் கீச்சென்று. அவள் இடுப்பில் ஒரு இடி கொடுத்தாள், "சத்தமாச் சொல்லுலே."

மேலே மரியம் சிரிக்கவில்லை. கயிற்றைக் கையில் பிடித்தபடி குனிந்து, தார்ப்பாய்க்குக் கீழே எட்டிப் பார்க்க முயன்றாள்.

"நீ யாருடா? அவ எங்க? அவளுக்குக் குரல் போச்சா?"

அருண்பாண்டி திரும்பிப் பொன்மணியைப் பார்த்தான்.

"போச்சுன்னு சொல்லு" என்றாள் அவள். "இனி வராதுன்னு சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். நாள் பூரா ஐடியா, மிக்ஸ் என்று அளக்கிற வாயிலிருந்து, அந்த ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. கண் மட்டும் நிறைந்துகொண்டு வந்தது.

"இதுக்கும் லாயக்கில்ல" என்றாள் பொன்மணி. அவனை ஒதுக்கிவிட்டு, கையை நீட்டி, தானே பட்டனை அமுக்கினாள். பத்தில் நின்றது அங்கிருந்தே ஓடியது, ஒலிபெருக்கியில் முதலில் ஒன்றும் வரவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று என்று அவள் எண்ணினாள்.

"ஆ, நிக்கேன், நிக்கேன்!" என்றது தெருவெல்லாம் கேட்க. "கூடைய விடுங்க!"