கிளடிஸின் பத்தாவது பாட்டு

கிளடிஸுக்கு அறுபத்தாறு வயது. கழுத்தில் ஒரு கழலை. அது மூச்சுக்குழாயை அழுத்தத் தொடங்கிவிட்டதால், திங்கட்கிழமை காலையில் வெட்டி எடுப்பதற்கு நாள் குறித்திருந்தார்கள். குரலுக்குப் போகும் நரம்பு கழலையை ஒட்டித்தான் ஓடுகிறது, அதற்கு ஏதும் நடந்தால் பழைய குரல் திரும்பாமலும் போகலாம் என்று டொக்டர் மறைக்காமல் சொன்னார். கிளடிஸ் படிவத்தில் கையெழுத்து வைத்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு முன்னால் ஒரு பாட்டுப் பாடலாமா?

சனிக்கிழமை பாடலாம், ஞாயிறு முழு ஓய்வு என்றார். பாடும்போது மூச்சில் விசில் சத்தம் வரலாம். சும்மா இருக்கும்போதும் அது நிற்காவிட்டால் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். அந்தச் சத்தத்தைக் கவனிப்பதற்காகத்தான் அவளுடைய சிநேகிதி நான் கூடப் போனேன். முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் பராமரிப்பு வேலை பார்த்திருக்கிறேன். மூச்சைக் காதால் எண்ணத் தெரியும்.

ஊர்காவற்றுறைக் கோயிலில் பாடத் தொடங்கியவள் கிளடிஸ். ரொறன்ரோவுக்கு வந்து பாண், அதாவது ரொட்டி, சுடும் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் நின்றாள். அங்கே சுப்பவைசர் நாள் முழுக்கக் கன்ட்ரி இசை ரேடியோ போடுவான். பெல்ட்டில் பாண் வரும், காதில் கிட்டார் வரும். வார இறுதியில் கல்யாண மண்டபங்களில் சினிமாப் பாட்டுப் பாடுவாள். சொந்தப் பாட்டு ஒன்று பாடட்டுமா என்று மைக்கில் கேட்டால், "அன்ரி, டான்ஸுக்கு ஏதும் பாடுங்கோ" என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு பத்துப் பாட்டு எழுதினாள். எல்லாம் தமிழில், எல்லாம் கன்ட்ரி ரொக். அவளுடைய முதல் அல்பம். ஒன்பது பாட்டு முடிந்திருந்தது.

மில்லிக்கனில் ராகவனின் பேஸ்மென்டில்தான் பதிவு. ராகவன் திருச்சிக்காரர், வங்கியில் கணினி வேலை, நாற்பத்தைந்து வயது, கிட்டாரில் கெட்டிக்காரர். கிளடிஸ் பாட்டின் வரிகளைப் படம் பிடித்து அனுப்பி, மெட்டைப் போனில் முனகி வைப்பாள். அவர் இசையைத் தயார் செய்து வைத்திருப்பார். அவள் வந்து அதன் மேல் பாடுவாள். ஒன்பது பாட்டும் அப்படித்தான் நடந்தன.

அந்தச் சனிக்கிழமை அவளுடைய குரல் அரை மணித்தியாலம் தாங்கும் என்பது என் கணக்கு. ராகவன் பொத்தானை அழுத்தினார். பியானோவும் வயலினும் இழுத்து இழுத்து அழுதன.

"என்ன தம்பி, செத்தவீடோ?" என்றாள் கிளடிஸ்.

"நீங்க அனுப்பின பாட்டுதான் மேடம்."

"நான் அனுப்பினது லொறிப் பாட்டு!"

ராகவன் போனைக் காட்டினார். "இங்க பாருங்க, 'ஆறுதலா வா, ராசா'. நீங்க சோகமா இருக்கீங்க, அவர் ஆறுதல் சொல்ல வர்றார். அதான் வயலின்."

"ஐயோ மாதாவே! ஆறுதலா எண்டால் மெல்ல. அந்தரப்படாமல். சட்பரியிலை ஸ்னோ கொட்டுது, லொறியை மெல்ல ஓட்டிக்கொண்டு வா எண்டு மனுசி சொல்லுறாள்."

"எங்க ஊர்ல ஆறுதல்னா ஆறுதல்தான் மேடம். மெதுவா வான்னு எழுதியிருக்கலாமே?"

"முப்பத்தெட்டு வருசமாக் கட்டி வைச்சிருக்கிற மனுசனோடை நான் இனி மதராஸ் தமிழிலையே கதைக்கிறது?"

"நான் திருச்சி."

"எல்லாம் ஒண்டுதான்."

இருவரிலும் பிழை இல்லை. மூச்சு முட்டியதால் அவள் மெட்டை மெதுவாக முனகியிருக்கிறாள். அதைத்தான் அவர் பாட்டின் வேகம் என்று எடுத்துக்கொண்டார். ஆனால் பிழை யாருடையது என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. பத்து நிமிடம் போய்விட்டது.

"டிரம்ஸ் எல்லாம் புதுசா பண்ண ரெண்டு நாள் ஆகும்" என்றார் ராகவன். "செவ்வாய்க்கிழமை வச்சுக்கலாமா?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார். கிளடிஸ் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, வாசல்லை என்ரை வின்டர் சப்பாத்து கிடக்கு. எடுத்துக்கொண்டு வாங்கோ."

சப்பாத்தை மாட்டிக்கொண்டு, தரையில் கிடந்த பலகை ஒன்றில் குதிக்காலால் தட்டினாள். விடாமல், ஒரே கதியில்.

"இதுதான் பாண் பெல்ட் ஓடுற ஓட்டம். கண்ணை மூடிக்கொண்டு நிண்டாலும் எனக்கு இது பிசகாது. தம்பி, கிட்டாரை எடும்."

ராகவன் பலகைக்குப் பக்கத்தில் ஒரு மைக்கை வைத்துவிட்டுக் கிட்டாரை எடுத்தார். நாலாவது தட்டில் பிடித்துக்கொண்டார்.

"சட்பரி றோட்டிலை ஸ்னோவாம், ஆறுதலா வா,
சோறு ஆறினால் ஆறட்டும் ராசா, ஆறுதலா வா."

இரண்டாவது அடியில் விசில் கேட்டது. நான் கையை உயர்த்தினேன். அவளை நிமிர்த்தி இருத்தி, தோளைத் தளர்த்தி, இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு மிடறு கொடுத்தேன். விசில் அடங்கியது.

"இன்னும் ஒருக்கால்தான்" என்றேன். "அதுக்குப் பிறகு நீ கெஞ்சினாலும் விடமாட்டன்."

"ஒருக்கால் காணும்."

இந்த முறை நடுவில் நிற்கவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. நான் கதிரையின் நுனியில் இருந்தேன். கடைசி அடியில் மூச்சுப் போய்விட்டது; அவளால் பாட முடியவில்லை. குதிக்கால் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. அந்தத் தட்டுக்கு மேல் "ஆறுதலா வா" என்று வாயால் சொன்னாள், அவ்வளவுதான். வாசலில் நின்று புருசனுக்குச் சொல்லுவதுபோல.

ராகவன் பதிவை நிறுத்தினார். அறையில் விசில் மட்டும் கேட்டது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். இருபது விநாடி. நாற்பது. அவசரப் பிரிவுக்குப் போகக் கார்த் திறப்பைக் கையில் எடுத்துவிட்டேன். எழுபதாவது விநாடியில் சத்தம் மெலிந்தது, பிறகு நின்றது.

"மேடம், கடைசி வரிய மட்டும்..." என்று தொடங்கினார் ராகவன்.

"இல்லை" என்றேன் நான்.

"இல்லைங்க, அத மாத்தவே வேணாம்னு சொல்ல வந்தேன்."

திங்கட்கிழமை கழலையை எடுத்தார்கள். நரம்பு அறுபடவில்லை, ஆனால் ஒரு பக்கக் குரல்நாண் அசையவில்லை. சரி வருவதற்கு ஆறு மாதம் எடுக்கலாம், வராமலும் விடலாம் என்றார்கள். அதுவரை அதிகம் கதைக்கக்கூடாது. கிளடிஸ் கொப்பியில் எழுதிக் காட்டத் தொடங்கினாள்.

புருசன் சீமோன் பத்து நாள் கூட இருந்து பார்த்துவிட்டு மறுபடி லொறி ஏறினார். அந்த வாரம் ராகவன் அவருக்குப் பாட்டை அனுப்பினார். மத்தியானம் லொறியிலிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"நல்லாத்தான் கிடக்கு அக்கா" என்றார் சீமோன். "ஆனால் உவ்வளவு கெதியாப் பாட வேணுமே? ஆறுதலாப் பாடியிருக்கலாம்."

கிளடிஸ் கொப்பியை இழுத்து எழுதினாள். நான் வாசித்தேன்.

"இப்ப எத்தினையிலை ஓடுறீர் எண்டு கேக்கிறாள்."

எஞ்சின் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது.

"நூற்றைஞ்சு."

"றோட்டுப் பலகையிலை எவ்வளவு போட்டுக் கிடக்கு?" என்று நானே கேட்டேன்.

"தொண்ணூறு."

அவள் மறுபடி எழுதவில்லை. மேசையைக் குதிக்காலின் அதே கதியில் விரலால் தட்டினாள். எஞ்சின் சத்தம் இறங்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தாள்.