அண்ணனுக்கு எழுத முடியாத உறுதி

ஜேர்மனியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்ட என் அண்ணன், போன வருடம் லீவில் வந்தபோது பொத்துவில் பக்கம் ஒரு கடற்கரை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். "வாசல்ல நின்னா நேரா கடல்தான்" என்றார். மூன்று அறை, சுற்றிலும் தென்னை, பின்பக்கம் கிணறு. வீட்டுக்காரர் பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி. ஒரே நாளில் பேச்சு முடிந்தது. இனி வீட்டுப் பத்திரமான உறுதியை எழுதுவதுதான் பாக்கி என்று நினைத்து, பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு நானும் அண்ணனோடு பதுளையில் உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் போனேன்.

நொத்தாரிசு யாழ்ப்பாணத்துக்காரர். அண்ணனின் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்து, மூடி மேசையில் வைத்தார்.

"நீங்கள் இப்ப ஜேர்மன் பிரஜை. வெளிநாட்டுக்காரருக்குக் காணி உறுதி எழுதேலாது."

அண்ணன் சிரித்தார். "நான் ஸ்பிரிங்வெளி தோட்டத்து ஆஸ்பத்திரியில பொறந்தவன் சார்."

"பிறந்த இடம் இதுக்குக் காணாது. இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தால் வாங்கலாம், அதுக்குக் காலம் செல்லும். இல்லாட்டிக் குத்தகைக்கு எடுங்கோ. தொண்ணூற்றொன்பது வருஷம் வரைக்கும் எழுதலாம்."

அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இலங்கையில் தோட்டத் தமிழர்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாதிருந்த காலத்தில் எங்கள் அப்பா அதற்கு எழுதிப்போட்டு, காகிதம் கைக்கு வர வருடக்கணக்கில் காத்திருந்தவர். வந்த பிறகும் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடு தேயிலைத் தோட்டத்துக்குத்தான் சொந்தம். எங்கள் குடும்பத்தில் காணி வாங்க வந்த முதல் ஆள் அண்ணன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி பேர்ல எழுதிருவோமா சார்?"

நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எழுதலாம். ஆனா உறுதியில ஆரின்ர பேர் இருக்கோ, காணி அவருக்குத்தான் சொந்தம். ரெண்டு பேரும் யோசிச்சிட்டு வாங்கோ."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்தோம். அண்ணன் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தது. "நீ ஒன்னும் செய்ய வேணாம். ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

என் பெயரில் எங்குமே ஓர் அடி நிலம் கிடையாது. டீச்சராக இத்தனை வருடமும் வாடகை வீட்டில்தான் காலம் போகிறது. சரி என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் வந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

"வேணாம் அண்ணே."

"ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?"

"என்மேலதான் இல்ல. கொஞ்ச நாள் போனா அது என்னோடதுன்னே நெனச்சிருவேன். எனக்கப்புறம் என் புள்ளைங்களும் அப்படித்தான் நெனைக்கும்."

அண்ணன் தேநீருக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தார். பசறை பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கோபித்துக்கொண்டார், இனி அடுத்த லீவுக்கு வரமாட்டார் என்றெல்லாம் நினைத்தேன். என் வீட்டருகே இறங்கி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"குத்தகைக்கே எடுக்குறேன். எனக்கு அம்பத்தெட்டு வயசு. தொண்ணூத்தொன்பது வருசத்த வச்சு நான் என்ன பண்ணப்போறேன்? முப்பது போதும்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

துணிக்கடைக்காரர் முதலில் தயங்கினார். விற்றுவிடத்தான் அவர் நினைத்திருந்தார். ஒரு வாரம் யோசித்து ஒப்புக்கொண்டார். குத்தகைப் பத்திரத்தில் நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.

இந்த ஓகஸ்ட் லீவுக்கு அண்ணன் வந்தபோது நானும் அங்கே போய் ஒரு வாரம் இருந்தேன். கடல் அமைதியாக இருந்தது. உப்புக்காற்றில் ஜன்னல் கீல்கள் துருப்பிடித்திருந்தன. கூரைமேல் சாய்ந்துகொண்டிருந்த ஒரு தென்னையை வெட்ட வேண்டியிருந்தது. பத்திரப்படி அதற்கு வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். அண்ணன் போன் பண்ணிக் கேட்டார்.

"வெட்டுங்க தம்பி, இதுக்கெல்லாமா கேக்கணும்?" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"தோட்டத்துல ஒரு தகரம் மாத்தணும்னாலும் அப்பா தொரைக்குக் கடிதாசி எழுதணும்" என்றார் அண்ணன், போனை வைத்துவிட்டு. "இவரு பரவாயில்ல."

பத்து மணிக்கு மரம் வெட்டுகிறவர் வந்தார். மரத்தை மணல் பக்கமாகப் பதமாகச் சாய்த்தார். நான் காய்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து, மதியத்துக்குத் தேங்காய்ப்பால் விட்டு மீன் குழம்பு வைத்தேன். அண்ணன் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார்.