துக்கம் கேட்காத வீடு

ஒரு பெண் சொன்ன பதிலை நான் மாற்றிச் சொன்னேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. அந்தப் பொய் சீமையில் ஒரு சஞ்சிகையில் அச்சாகியிருக்கிறது. அச்சடித்தவர்களுக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், பக்கத்து வீட்டுப் பெண் எழுதுகிறாள். நடுவில் அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். பார்க்கட்டும்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம். அப்போது நான் கஜா பெராங்கில் பெச்சா மிதித்துக்கொண்டிருந்தேன். மலாக்காவில் மூன்று சக்கர வண்டிக்கு அதுதான் பேர். இங்கே சவாரிக்காரர் மிதிப்பவனுக்குப் பக்கத்திலேயே உட்காருவார். அதனால் பேச்சுத் துணை கிடைக்கும். கிடைத்தால் பேசுவேன், இல்லாவிட்டால் நானே பேசிக்கொள்வேன். பண்டார் ஹிலிரில் கடலைப் பார்த்து நிறுத்திவிட்டுத் தனியாகப் பேசிய நாட்கள் எத்தனையோ... அது போகட்டும்.

அப்படி ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்தான் ராகவன் சார். மதராஸிலிருந்து வந்து சிங்கப்பூரில் பாடம் நடத்தியவர். ஊர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்றார்.

"ஊர்ல என்ன சார் ஆராய்ச்சி? சாக்கடையா?"

"மனசுப்பா. ஒரு ஆளோட மனசு இல்ல, ஊரோட மனசு. கஷ்டம் வந்தா யாரு யாருக்கு ஒத்தாசையா இருக்காங்கன்னு கேட்டு எழுதி சீமைக்கு அனுப்பணும். அங்க ஒரு சஞ்சிகை இருக்கு. படிச்சுப் பார்த்து, சரின்னு பட்டாத்தான் போடுவாங்க."

அவருக்குத் தமிழ் தெரியும், மலாய் தெரியாது. கஜா பெராங்கில் பல தலைமுறைக்கு முன்பே வந்து தங்கிவிட்ட செட்டிகளின் வீடுகளில் தமிழ் கிடையாது. கோயில் நம் கோயில், சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். எனவே அவர் கேட்பதை நான் மலாயில் கேட்க வேண்டும், பதிலைத் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் என் வாய்தான்.

தெங்கேராவில் ஒரு கிழவர், தனக்கு யாரும் இல்லை என்று சொன்னார். அப்படியே சொன்னேன். சார் அங்கிருந்த சங்கத்தாரிடம் பேசி, வாரம் ஒரு ஆள் அவரைப் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்தார். இதை மறந்துவிடாதீர்கள். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

அடுத்த வாரம் கஜா பெராங்கில் கமலா மக்சிக் வீடு.

மக்சிக் என்றால் மலாயில் சின்னம்மா மாதிரி. ரப்பர் தோட்டத்தை விட்டு இந்த ஊருக்கு வந்த புதிதில் அவர் வீட்டு ஒட்டு அறையில்தான் இருந்தேன். விஷக்காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊட்டியவர் அவர். பெச்சா முதலாளியிடம் என்னைக் கூட்டிப்போய் விட்டவர் அவர் புருஷன். அந்த மனுஷன் செத்தபோது நான் போகவில்லை.

ஏன் போகவில்லை? தங்கைக்குப் பரிசம் போட்டிருந்தது. கல்யாணம் வைத்திருப்பவன் இழவு வீட்டை மிதிக்கக் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டாள். சரி, கல்யாணம் முடிந்ததும் போயிருக்கலாம் அல்லவா? முதலில் செவ்வாய்க்கிழமை என்றேன். பிறகு வெள்ளிக்கிழமை என்றேன். துக்கம் கேட்கப் போகக்கூடாத நாட்கள். பிறகு ஆடி வந்தது. பிறகு... இத்தனை நாள் கழித்துப் போய் எந்த முகத்தோடு கேட்பது என்று ஆகிவிட்டது. எங்கள் ஆட்களிடம் ஒன்று உண்டு. துக்கம் கேட்காமல் அந்த வீட்டுக்குள் வேறு எந்தக் காரியத்துக்கும் நுழையக் கூடாது. நுழைய முடியாததால், அந்தத் தெருவையே விட்டு வேறு தெருவில் மிதித்தேன். மூன்று வருஷம்.

இப்போது சார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தெருவுக்குத்தான் போகச் சொன்னார். போனேன். துக்கம் கேட்காத வீட்டுக்குள், இன்னொருவரின் கேள்வித்தாளோடு நுழைந்தேன்.

"முனியாண்டியா? இளைச்சிட்டே," என்று மலாயில் கேட்டார் மக்சிக். அவ்வளவுதான். காப்பி கொடுத்தார்.

சார் தாளைப் பார்த்துக் கேட்டார். "உங்க வீட்ல துக்கம் வந்தப்போ யாரு வந்து கூட நின்னாங்க?"

அதை நான் மலாயில் கேட்க வேண்டும். நான்! கேட்டேன்.

அவர் சாரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துச் சொன்னார்.

"பாடை தூக்க நாலு பேர் வந்தாங்க, போனாங்க. அப்புறம் ஒருத்தரும் இல்ல. செத்தவங்களுக்குப் பொங்கலுக்கு முந்தி இலை போட்டுப் படைக்கறோம் பாரு, அவங்க வருஷா வருஷம் தவறாம வராங்க. உயிரோட இருக்கறவங்க வரணும்னா எத்தனை இலை போடணும்? உன் சாரைக் கேட்டுச் சொல்லு."

"நெறைய சொன்னாங்களே, என்ன?" என்றார் சார்.

"தெருவே வந்து நின்னுச்சாம் சார். ஒரு நாள்கூடத் தனியா விடலையாம்."

சார் எழுதினார். பேனா சத்தம் கேட்டது.

வாசலில் செருப்பு மாட்டும்போது மக்சிக் மெதுவாகக் கேட்டார். "நான் சொன்னதைச் சொன்னியா?"

"சொன்னேன் மக்சிக்."

"எழுதிட்டாரா?"

"எழுதிட்டாரு."

"சரி. அப்ப யாராவது படிப்பாங்க," என்றார். அந்த முகத்தில் ஒரு நிம்மதி. அதை மட்டும் நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இதோடு முடிந்திருந்தால் கோழைத்தனம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். சில மாதம் கழித்து சார் திரும்பவும் வந்தார், கையில் ஒரு கடிதத்தோடு.

"சஞ்சிகைக்காரங்க சந்தேகப்படறாங்க முனியாண்டி. கஜா பெராங் முழுக்க ஒருத்தர்கூடவா 'யாரும் வரல'ன்னு சொல்லலன்னு கேக்கறாங்க. தனியா இருக்கறது அந்தக் கமலா அம்மாதானே? என் முன்னாடி கூச்சப்பட்டிருக்கலாம். நீ மட்டும் போய் இன்னொரு தடவை கேட்டுட்டு வா. நான் காப்பிக்கடையில இருக்கேன்."

பாருங்கள், எங்கோ கடலுக்கு அப்பால், என்னைக் கண்டே இராத ஒருவர் என் பொய்யைப் பிடித்துவிட்டார். என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, திருத்திக்கொள் என்கிறார். யாருக்குக் கிடைக்கும் இது?

போனேன். வேலி வரைக்கும் போனேன். வண்டி மணி ஆடிச் சத்தம் போடாமல் கையால் பொத்திக்கொண்டேன். ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், யாரோ வரப்போவதைப் போல. என்னைத்தான் பார்த்தாரா, தெரியவில்லை. கூப்பிடவில்லை. ஒரு காப்பி குடிக்கிற நேரம் அங்கேயே நின்றேன். பிறகு வண்டியைத் திருப்பினேன்.

"என்ன சொன்னாங்க?"

"அதேதான் சார்."

"நல்லது. நீ இல்லாட்டி இது அச்சேறாதுப்பா."

அச்சேறியது. ஒரு பிரதி எனக்கும் வந்தது. தபாலாபீஸ் கிளார்க் படித்துச் சொன்னார். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பேர் இருக்கிறதாம். கஜா பெராங் குடியிருப்பில் துக்கத்தில் யாரும் தனியாக விடப்படுவதில்லை என்றும் இருக்கிறதாம்.

மக்சிக் செத்ததும் முதல் ஆளாக ஓடினேன். அன்று எந்தக் கிழமை என்று பார்க்கவில்லை. கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். துக்கம் கேட்க வேண்டும் என்றால் எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அவர் கையைப் பிடித்துக் கேட்க வேண்டும். அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க ஆள் இல்லை. வந்தவர்கள் என்னைச் சொந்தக்காரன் என்று நினைத்து, என் கையைப் பிடித்துத் துக்கம் கேட்டுவிட்டுப் போனார்கள். நானும் கையை நீட்டினேன். இல்லை என்று சொல்லவில்லை... அதுவும் பொய்தானே? இன்னொன்று.

ராகவன் சார் ஊருக்குத் திரும்பிவிட்டார். இந்தப் பெண்ணையே கடிதம் எழுதச் சொல்லலாம், விலாசம் இல்லை. பிரதி மட்டும் பெட்டியில் இருக்கிறது. என் பேர் எந்தப் பக்கத்தில் என்று தெரியும். மக்சிக்கின் பதில் எந்தப் பக்கத்தில் என்று தெரியாது.

நீங்கள் படித்தவர்கள். எங்காவது அந்தச் சஞ்சிகை கண்ணில் பட்டால், அந்தப் பதிலுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். அவர் சொன்னது அது இல்லை. ஒருத்தரும் வரவில்லை என்றுதான் சொன்னார்.