இரண்டு பேர் போய் ஒருவன் திரும்பும் படம்

மாரியூரில் கடற்கரைக்குப் போகும் சாலையில் முருகேஸ்வரியின் செல்போன் கடை இருக்கிறது. கரையிலிருந்து சற்றுத் தள்ளிப் போனாலே டவர் கிடைக்காது. அதனால் கடலுக்குப் போகிறவர்கள் மெமரி கார்டில் படம் ஏற்றிக்கொண்டு போவார்கள். யார் நடித்த படம் வேண்டும் என்று அவர் கேட்பதில்லை. "போன படத்துல எந்த இடத்தைத் திருப்பிப் பாத்தீக?" என்று மட்டும் கேட்பார். பதிலை வைத்து அடுத்ததை எடுப்பார். பதினோரு ஆண்டுகளில் தப்பான படம் கொடுத்தார் என்று யாரும் சொன்னதில்லை. பின்வருவது அவர் சொல்ல நான் அன்றன்றே தேதியோடு குறித்துக்கொண்டது.

2024 பிப்ரவரி 5, திங்கட்கிழமை, மாலை நான்கரைக்கு வீரையா வந்தான். அவனும் பூமிநாதனும் ஒரே வள்ளத்துக்குச் சரிபாதி சொந்தக்காரர்கள். வீட்டுமனை எல்லைத் தகராறில் ஏழு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் வள்ளத்தைப் பிரிக்க முடியாது. ஒரு வார்த்தை பேசாமல் ஒன்றாகவே நண்டு வலைக்குப் போய்வந்தார்கள்.

வீரையா பார்த்திருந்தது, இரண்டு நண்பர்கள் மலையேறப் போய் ஒருவன் மட்டும் திரும்பும் படம்.

"எந்த இடம்?"

"வந்தவன் போலீசுக்குச் சொல்லுறான்ல, அந்த இடம்க்கா. நாலு தடவ பாத்தேன். ஆனா கடைசில மாட்டிக்கிறான்."

மாட்டாத படம் ஒன்று ஏற்றிக் கொடுத்தார். 14ஆம் தேதி மறுபடி வந்தான்.

"மாட்டலக்கா. ஆனா இதுவும் காடு, மலை. நமக்கு ஒட்டல. தண்ணியில நடக்குற மாதிரி இருக்கா?"

"உனக்குன்னே ஒண்ணு இருக்குப்பா" என்று பெருமையோடு ஒரு டப்பிங் படத்தைத் தேடி எடுத்தார். அதில் நடுக்கடலில், படகுக்கு அடியில் சுழலும் எஞ்சின் விசிறியில் வலை சிக்குகிறது. ஒருவன் தண்ணீரில் இறங்கி அறுக்கிறான். மேலே இருப்பவன் எஞ்சினைப் போடுகிறான். விபத்து என்று ஊர் நம்புகிறது.

23ஆம் தேதி வந்து, "இது போதும்க்கா. இனிமே வேற வேண்டாம்" என்றான்.

அடுத்த படம் வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவன். அவன் போனபின் முருகேஸ்வரி மூன்று படங்களையும் வரிசையாக நினைத்துப் பார்த்தார். சாப்பிடத் திறந்த தூக்குவாளியை மூடி வைத்தார். போலீசுக்குப் போய், மூன்று படம் கேட்டான் என்றா சொல்வது? நேராகப் பூமிநாதன் வீட்டுக்குப் போனார்.

"விசிறியில வலை சிக்குனா நீ இறங்காதலே."

"எப்பவும் நான்தானக்கா இறங்குவேன். அவனுக்கு மூச்சடக்க வராது." விஷயத்தைக் கேட்டுப் பூமிநாதன் சிரித்தான். "படம் பாத்தவனெல்லாம் கொலைகாரன்னா, நம்ம கரையில ஒருத்தன் வெளியில இருக்க முடியாது."

மறுநாளிலிருந்து முருகேஸ்வரி யாரிடமும் எந்த இடம் என்று கேட்கவில்லை. காதல் படம் கேட்டவருக்கும் பேய்ப் படம் கேட்டவருக்கும் அந்த எஞ்சின் விசிறிப் படத்தையே ஏற்றினார். ஒன்பது நாளில் 61 கார்டு. திட்டிக்கொண்டே பார்த்தார்கள்.

மார்ச் 4ஆம் தேதி காலை டீக்கடையில் அதே பேச்சு. "ரெண்டு பேரு போயி ஒருத்தன் வந்தான்னா, மொதல்ல எஞ்சினைத்தான்யா பாக்கணும்" என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வீரையா சிரிக்கவில்லை.

அன்று பிற்பகல் மூன்றரைக்குக் கடைக்கு வந்தான். வேறு யாரும் இல்லை.

"ஊரு பூராவுக்கும் என் படத்தை ஏத்தி விட்டிருக்கீக."

"நல்ல படம். எல்லாரும் பாக்கட்டும்னுதான்."

கார்டை மேசைமேல் வைத்தான். "அப்ப எனக்கு வேற ஒண்ணு ஏத்துங்க."

"எந்த மாதிரி?"

"ஒரு பொம்பள தனியா கடை வச்சிருக்க மாதிரி."

"அப்படி எங்கிட்ட எதுவும் இல்ல."

"தேடிப் பாருங்கக்கா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

ஸ்டூலை இழுத்துப் போட்டு, நாலு மணி பத்து நிமிடம் வரை இருந்தான்.

பூமிநாதன் இன்றுவரை பத்திரமாகக் கரை திரும்புகிறான். வீரையா தினமும் மூன்றரைக்கு வந்து, தேடியாயிற்றா என்று கேட்டுவிட்டு, அந்த ஸ்டூலில் உட்காருகிறான்.