இருபத்தேழாம் நம்பர் நெல்லும் நானும்

அம்மா எனக்குத் தலைவாரிவிடும்போதெல்லாம் மூக்குக்கு வருவது ஸ்பிரிட் வாசனை. ஊசி போடுமுன் கையில் பஞ்சால் துடைப்பார்களே, ஜில்லென்று ஏறுமே, அதேதான். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் நெசவுத் தெருவின் மற்ற அம்மாக்கள் மேலெல்லாம் சாயமும் கஞ்சிப்பசையும் மணக்க, என் அம்மா மேல் மட்டும் ஆஸ்பத்திரி மணந்ததற்குக் காரணம், அவள் ஊருக்கு வெளியே இருந்த நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் உதவியாளராக வேலை பார்த்ததுதான். ஒரு செடியைத் தொட்ட இடுக்கியை ஸ்பிரிட்டில் முக்கித் துடைக்காமல் அடுத்த செடியைத் தொடக்கூடாதாம். என்னைத் தொடுமுன் அவள் எதையும் துடைத்ததாக எனக்கு நினைவில்லை. என் பொறாமை இந்தச் சின்ன விஷயத்தில்தான் தொடங்கியது.

அவள் வேலையின் பெயர் "கிராசிங்". இரண்டு ரக நெல்லைச் சேர்த்து மூன்றாவதாக ஒன்றை உண்டாக்குவது. சாயங்காலம் தொட்டிச் செடியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கதிரின் ஒவ்வொரு பூவையும் நுனி நறுக்கி, உள்ளே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துப் போட்டுவிட்டு, கதிருக்குப் பட்டர் பேப்பரில் ஒரு பை மாட்டிவிட்டு வருவாள். மறுநாள் பத்து மணிக்கு மேல், வெயில் ஏறி இன்னொரு ரகத்தின் பூ வாய் திறக்கும் நேரம் பார்த்து, அந்தக் கதிரைக் கொண்டுவந்து இதன் தலைமேல் தட்டித் தூவ வேண்டும். தூவும் கதிருக்குப் பண்ணைப் பெண்கள் வைத்திருந்த பெயர் "மாப்பிள்ளை". காற்று அடிக்கக்கூடாது, கை நடுங்கக்கூடாது, நேரம் தப்பக்கூடாது. எங்கள் ஊரில் மனிதர்களின் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது.

தொட்டிகளுக்குப் பெயரில்லை, நம்பர்தான். நான் ஐந்தாவது படித்த வருஷம் அம்மாவின் வாயில் எந்நேரமும் இருபத்தேழு. "இருபத்தேழு இன்னிக்கு சோர்ந்துபோயிருக்குது." "இருபத்தேழுக்குப் புகையான் பூச்சி வரப் பார்த்துச்சு, நல்லவேளை, கண்ணுல பட்டுச்சு." இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்த எதிர்வீட்டு அக்கா ஒருநாள், "இன்னாம்மா, உனக்கு ரெண்டாவது ஒண்ணு இருக்குதா, சொல்லவே இல்ல?" என்று கேட்டுவிட்டாள். அம்மா சிரித்தாளே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. அவள் சொல்லாததை நான் மனத்தில் வாங்கிவைத்துக்கொண்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் கைவைத்துப் பார்த்து "ஒண்ணுமில்ல, தூங்கு" என்றவள், இருபத்தேழின் இலை மஞ்சளித்ததற்குச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பண்ணைக்கு அழைத்துப்போய் அதைக் காட்டவும் செய்தாள். ஒல்லியாக, நேராக, வாயைத் திறக்காமல் நின்றது. மூன்றிலும் நான் தேறாதவன்.

தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய் முறையிட்டேன். தறி ஓடத்தை நிறுத்தாமலேயே சொன்னார்: "எனக்குச் சோறு போடும்போதும் அதைப் பத்தித்தான்டா பேசறா. வீட்டுல இருக்கறவங்களுக்கும் நம்பர் குடுத்தான்னு வச்சிக்கோ, நான் நாப்பதுக்கு அந்தாண்டதான் வருவேன். நீ கொஞ்சம் முன்னால இருப்பே." ஆறுதல் சொல்கிறாராம்.

இந்த நிலைமையில்தான் பள்ளி ஆண்டு விழா வந்தது, நாடகம் வந்தது, எனக்கு மரம் வேஷம் வந்தது. நானாகக் கையைத் தூக்கிக் கேட்டு வாங்கிய வேஷம். ராஜாவுக்கும் மந்திரிக்கும் மற்றவர்கள் அடித்துக்கொண்டிருந்தபோது மரமாக நிற்க முன்வந்த என்னைத் தமிழ் வாத்தியார் தியாகி என்றே நினைத்துவிட்டார். என் கணக்கு வேறு. செடிகொடிதான் அவளுக்கு வேண்டும் என்றால், சரி, நானும் ஒரு செடியாகிவிட்டுப் போகிறேன். மரத்துக்கு ஒரே ஒரு வசனம், விறகுவெட்டி கோடரியை ஓங்கும்போது, "நில்! நிழல் கொடுத்தவனையா வெட்டுகிறாய்?" என்று கேட்க வேண்டும். அதை நான் கேட்பதை அம்மா பார்க்க வேண்டும். அந்த வருஷம் எனக்கு வேறு ஆசையே கிடையாது.

விழா காலை பத்து மணிக்கு. முந்தின நாள் இருட்டும் நேரத்தில் வேலையிலிருந்து வந்த அம்மா, செருப்பைக் கழற்றும்போதே நான் விழாவை ஞாபகப்படுத்த, "நாளைக்கா?" என்றாள். "இப்பதான்பா இருபத்தேழை நறுக்கிட்டு வரேன். நாளைக்குக் காலைல தூவலைன்னா அவ்ளோதான், இனிமே அடுத்த வருசம்தான்." நான் அழவில்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்தேன். எங்கள் வீட்டில் அது அழுகைக்கும் மேலே உள்ள கோர்ட்டு. அம்மா வந்து சோற்றுத் தட்டை என் பக்கத்தில் வைத்தாள். பிறகு, "எழுந்து சாப்பிடு, வரேன்" என்றாள்.

"அப்போ அது?"

"அதையும் பார்த்துக்கறேன்."

ஜெயித்துவிட்டேன் என்று நம்பி எழுந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள், உடம்பெல்லாம் வேப்பிலைக் கொத்து கட்டி, முகத்தில் பச்சைச் சாயம் பூசி, மேடையில் நின்றபடி, திரை விலகியதும் கூட்டத்தில் அம்மாவைத் தேடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. முன்வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் தொட்டி. தொட்டியில் இருபத்தேழு, தலையில் பட்டர் பேப்பர் பையோடு, விழாவுக்கு அழைக்கப்பட்ட பெரிய மனிதரைப்போல. விடிந்ததும் பண்ணைக்கு ஓடி, அதிகாரியிடம் கேட்டு, சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பக்கத்தில் அப்பா, தண்ணீர் ஊற்றிய டம்ளரில் மாப்பிள்ளைக் கதிரைப் பிடித்துக்கொண்டு, தெரிந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

ராஜா ஆணையிட்டு முடித்து, விறகுவெட்டி கோடரியோடு உள்ளே வந்தபோது, அம்மா எழுந்தாள்.

"சார், ஒரு அஞ்சு நிமிசம் ஃபேனை நிறுத்தச் சொல்லுங்க சார். பூ தொறந்துகினு இருக்குது."

தலைமை ஆசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருக்கும்மா?"

"இவளுக்கு சார்" என்று தொட்டியைக் காட்டினாள்.

அவர் என்ன நினைத்தாரோ, கையை அசைத்தார். ஃபேன்கள் நின்றன. கூடம் முழுக்க வேர்க்கத் தொடங்கியது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று எட்டிப்பார்த்தார்கள். எல்லோரும் பார்த்தது தொட்டியை. விறகுவெட்டி கோடரியை ஓங்க மறந்து, "டேய், உங்கம்மா இன்னாடா பண்ணுது?" என்று என் காதருகே கேட்டான். "நீ ஓங்குடா" என்றேன். ஓங்கினான். நெற்றியிலிருந்து சரிந்த வேப்பிலைக் கொத்து கண்ணை மறைக்க, எதிரே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல், என் ஒரே வசனத்தைத் தொண்டை கிழியக் கத்தினேன். கொஞ்சம் கழித்து, "ஆச்சு சார்" என்று அம்மாவின் குரல் கேட்டது, ஃபேன்கள் சுற்றின, கூடமே கைதட்டியது. எனக்கு விழுந்தது என்று அன்று ராத்திரிவரை நம்பினேன். அது காற்றுக்கு விழுந்த கைதட்டல்.

திரும்பும்போது ரிக்‌ஷாவில் அம்மாவின் மடியில் அது. காலடியில் நான், பாதி இலை உதிர்ந்து. "நல்லா பண்ணினே" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தின் கூடம் இப்போது இல்லை. இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். இருபத்தேழுக்குப் பிறந்த நெல்லையும் சில பருவங்கள் போட்டுப் பார்த்துவிட்டு, சாதம் குழைகிறது என்று தள்ளிவிட்டார்களாம். அதன் பெயர் சொல்ல இன்று எந்த வயலிலும் ஒரு மணி கிடையாது. நான் இருக்கிறேன், சர்க்கரையும் தொப்பையுமாக. முழு வெற்றிதான், காட்டிக்கொள்ள எதிரியைத்தான் காணோம்.

இத்தனை வருஷம் கேட்காமல் வைத்திருந்ததைப் போன மாதம் கேட்டுவிட்டேன். அம்மா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அன்னிக்கு நாடகத்துல நான் பேசறப்ப, நீ என்னைப் பார்த்தியா, அதைப் பார்த்தியாம்மா?"

"உன்னைத்தான் பார்த்துத் தொலைச்சேன்" என்றாள். "மாப்பிள்ளையைத் தட்டறேன், நீ அந்தக் கத்து கத்தறே. நிமிர்ந்துட்டேன். தூளெல்லாம் புடவைல கொட்டிப்போச்சு. பாதிக் கதிர் பதரு."

"நான் இன்னா பேசினேன்னு ஞாபகம் இருக்குதா?"

"அது யாருக்குத் தெரியும்? அந்த வருசம் பூரா எனக்கு மனசே ஆறலை."

இன்னும் ஆறவில்லை; கீரைத்தண்டை ஒடித்த வேகத்திலேயே தெரிந்தது. நான் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொண்டேன்.

"முழுசாப் பாதியாம்மா?"

"பாதிக்கு மேலயே" என்றாள், என்னை முறைத்துப் பார்த்து.