அப்பாவின் திவசத்தில் ஒரு வரி

என் மூக்கைப் பற்றி ஸ்ரீரங்கத்தில் ஒரு வீதியே கவலைப்பட்டது என்றால் நம்ப மாட்டீர்கள். எங்கள் சித்திரை வீதி மாமிகள் என்னை வழியில் நிறுத்தி, மோவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்புவார்கள். "யார் ஜாடைன்னே தெரியலையேடி!" என்று சிரிப்பார்கள். எட்டு வயதில் அந்தச் சிரிப்பின் பொருள் எனக்குத் தெரியவில்லை. பத்து வயதில் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் எவளாவது மோவாயில் கை வைத்தால் கடித்துவிடுவது என்று வைத்திருந்தேன். ஒருத்தியை நிஜமாகவே கடித்தேன். அவள் கட்டைவிரலில் இரண்டு நாள் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தாள்.

விஷயம் இதுதான். யுத்த காலத்தில் அப்பா வேலைக்காகப் பம்பாய்க்குப் போனார். அப்போது அண்ணாவுக்கு ஐந்து வயது; நான் அம்மா வயிற்றில் இரண்டு மாதம். அவர் போய் ஏழு மாதம் கழித்துப் பிறந்தேன். விரல்விட்டு எண்ணத் தெரிந்த எவருக்கும் இதில் குழப்பம் இருக்கக் கூடாது. ஆனால் அப்பா திரும்பவில்லை. அங்கே வேறொரு குடித்தனம் வைத்துக்கொண்டார் என்று செய்தி வந்தது. அம்மா ஒரு நாள் அழுதாள்; மறுநாளிலிருந்து தையல் கற்றுக்கொண்டாள். உறையூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை கிடைத்தது. தினமும் காலையில் பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போவாள், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவாள். குடும்பத்தை விட்டுப் போனவரைப் பற்றி வீதி ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஏறினவளைப் பற்றித்தான் பேசியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்கிறான் என்று பேசியது. அந்த யாரோவின் மூக்கைத்தான் என் முகத்தில் தேடினார்கள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து அப்பா வந்தார், இருமலோடும் ஒரு தகரப் பெட்டியோடும். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "இது யாரு?" என்று அம்மாவைக் கேட்டார்.

"உங்க பொண்ணு" என்றாள் அம்மா.

அவர் என் மூக்கைத்தான் பார்த்தார். இதைச் சத்தியம் செய்து சொல்வேன். அதன் பிறகு நான்கு மாதம் அம்மா அவருக்குக் கஞ்சி வைத்தாள், சளிக் கிண்ணம் கழுவினாள், இரண்டு பஸ் மாறி மருந்து வாங்கி வந்தாள். அவர் இறந்துபோனார். எனக்கு அழுகை வரவில்லை. வரவில்லை என்பதற்காக இன்றுவரை வெட்கப்பட்டதும் இல்லை.

அதற்கப்புறம் வருஷா வருஷம் திவசம். அம்மா விடியும் முன்பே குளித்து, ஈரப்புடவையோடு அடுப்பு மூட்டுவாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உச்சி வேளைவரை சமைப்பாள். கூடத்தில் அண்ணா பஞ்சகச்சத்தோடு ஹோமத்தின் முன் உட்கார்ந்திருப்பார். சடங்கைச் செய்துவைக்கும் வாத்தியார் மந்திரம் சொல்ல, அண்ணா திருப்பிச் சொல்வார். அண்ணா பொன்மலையில் ரயில்வே குமாஸ்தா. அவருக்கு எஞ்சின் நம்பர்கள் மனப்பாடம். சமஸ்கிருதத்தில் ஒரு எழுத்து தெரியாது. வாத்தியாரைக் குறை சொல்ல மாட்டேன். ஏழு வயதிலிருந்து பாடசாலையில் உட்கார்ந்து காதால் கேட்டே வேதம் கற்றவர். குரலில் பிசிறே இருக்காது. ஒரே ஒரு விஷயத்தில் அவருக்கு எங்கள் அம்மாமேல் மனத்தாங்கல். ஹோமம் நடுவில் இருக்கும்போது சமையலறையிலிருந்து சொர்ரென்று தாளிக்கும் சத்தம் எழும்பும். நெய்யில் மிளகும் சீரகமும் கறிவேப்பிலையும் பொரியும். மந்திரம் அதில் முங்கிப்போகும். "மாமிக்கு நேரங்காலமே கிடையாது" என்று முகத்தைச் சுளிப்பார்.

நான் திருச்சியில் பெண்கள் கல்லூரி ஒன்றில் சேர்ந்தேன். இரண்டாம் பாடமாக சமஸ்கிருதம் எடுத்தேன். பக்தியால் அல்ல, மார்க் அள்ளிப் போடுவார்கள் என்பதால். எங்கள் வீதியிலிருந்து போன எல்லாரும் அதற்காகத்தான் எடுத்தார்கள். பரீட்சை எழுதிவிட்டு மறந்தார்கள். எனக்கு மட்டும் அது பிடித்துக்கொண்டது. லைப்ரரியில் பழைய கிரந்தங்களை அடுக்கியிருந்த அலமாரி ஒன்று உண்டு. பூட்டு கிடையாது. பூட்ட வேண்டிய அவசியமே இல்லை, யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. இரண்டாம் வருஷம் நான் போனேன்.

வீட்டுச் சடங்குகளின் மந்திரங்களை உரையோடு அச்சிட்ட ஒரு தடிப் புத்தகம். புரட்டிக்கொண்டே வந்தவள், திவச மந்திரங்களில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். கண்ணுக்குப் புதிது, காதுக்குப் பழசு. ஒரே அமைப்பில் மூன்று முறை வரும் வரி. முதல் முறை தாளிப்புச் சத்தத்தில் கரையும், மற்ற இரண்டும் கூடத்தில் தெளிவாகக் கேட்கும். எத்தனை வருஷமாகக் கேட்கிறேன்! உரையைப் படித்தேன். என் தாய் தன் விரதத்திலிருந்து வழுவி எங்காவது தவறியிருந்தாலும், இந்தப் பிண்டம் என் தகப்பனுக்கே சேரட்டும், உரிமையில்லாத மற்றவன் விலகிப் போகட்டும் என்கிற பொருளில் இருந்தது. அப்புறம் தகப்பனின் தாயைப் பற்றி அதே ஐயம். அப்புறம் பாட்டனாரின் தாயைப் பற்றி. மூன்று தலைமுறைத் தாய்மார்களும் குற்றவாளிக் கூண்டில். தகப்பன்மார்கள் வழுவியிருந்தால் என்ன செய்வது என்று முன்னும் பின்னும் பத்துப் பக்கம் தேடினேன். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

உடம்பெல்லாம் எரிந்தது. வீதி மாமிகள் பேசியது போதாதென்று, அம்மா பெற்ற பிள்ளையே, அம்மா பட்டினி கிடந்து சமைத்துக்கொண்டிருக்கும்போதே, பத்தடி தள்ளி உட்கார்ந்து அதையே ராகம் போட்டுச் சொல்லியிருக்கிறார். அதுவும் யாருக்காக? பம்பாய்க்காரருக்காக.

கல்லூரித் தோழி ஒருத்தி சொன்னாள், "இதையெல்லாம் கொளுத்திப் போடணும்ப்பா." ஊரில் அப்போது மைதானத்துக்கு மைதானம் ஒலிபெருக்கி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அதற்கும் கோபம் வந்தது. ஏன் கொளுத்த வேண்டும்? அதே அலமாரியில், இரண்டு தட்டு மேலே, உபநிஷத்துகள் இருந்தன. தன் தகப்பன் யாரென்று தெரியாது, தாய் சொன்னது இவ்வளவுதான் என்று உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரு பையனை, உண்மை பேசினாய் என்பதற்காகவே சீடனாகச் சேர்த்துக்கொண்ட ஒரு குருவின் கதையை அங்கேதான் படித்தேன். நின்ற இடத்திலேயே மூன்று முறை படித்து அழுதேன். அந்தக் கதை எனக்கு வேண்டும். அதை விட்டுக்கொடுக்க நான் யார்? கேள்வி கேட்காதே என்றவர்களுக்கும் கொளுத்திப் போடு என்றவர்களுக்கும் நான் வைத்திருந்த பதில் ஒன்றுதான்: நான் படிப்பேன், படித்துவிட்டு எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று நானே சொல்வேன்.

அந்த வருஷத் திவசத்துக்கு முதல் நாள் அண்ணாவிடம் சொன்னேன். முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் மழுப்பினார்.

"மந்திரத்துக்கெல்லாம் அர்த்தம் பார்க்கப்படாதுடி. ஓசைதான் முக்கியம்னு பெரியவா சொல்லியிருக்கா."

"ஓசைதான் முக்கியம்னா மாவு மிஷினுக்குப் போய் நமஸ்காரம் பண்ணு" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மறுநாள் எதுவும் நடக்காததுபோல் ஹோமத்தின் முன் உட்கார்ந்தார். இறந்த முன்னோர்களின் இடத்தில், பித்ருக்களாக வரிக்கப்பட்ட இரண்டு பெரியவர்கள் பலகையில் காத்திருந்தார்கள். நான் சமையலறை வாசற்படியில் நின்றேன். அம்மா இரும்புக் கரண்டியில் நெய்யை வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மந்திரம் நெருங்கி வந்தது. வாத்தியார் அந்த இடத்துக்காக மூச்சை இழுத்தார்.

"நிறுத்துங்கோ" என்றேன்.

வாத்தியார் திரும்பினார். "ஹோமம் நடக்கறச்சே பொம்மனாட்டிகள் குறுக்கே பேசப்படாது, கொழந்தே."

நான் எழுதிவைத்திருந்த காகிதத்தை நீட்டினேன். அந்த மூன்று வரிகளும், கீழே தமிழில் பொருளும். சடங்கு முடியும்வரை எதையும் கையில் வாங்க மாட்டார் என்று தெரியும், அதனால் அவர் எதிரே தரையில் வைத்தேன். குனிந்து படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். அவர் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன்.

"இப்படியா இருக்கு?" என்றார் மெதுவாக. பிறகு சுதாரித்துக்கொண்டார். "இருக்கட்டுமே. அடியேன் முப்பது வருஷமா பண்ணி வைக்கறேன். வேதத்துல ஒண்ணு இருக்குன்னா அதுக்குக் காரணம் இருக்கும்."

"காரணம் இருக்கட்டும், ஸ்வாமி. இந்தக் காகிதத்துல இருக்கறதை எங்கம்மா மூஞ்சியைப் பார்த்துத் தமிழ்ல ஒரு தடவை சொல்லுங்கோ. அப்புறம் சமஸ்கிருதத்துல எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லிக்கோங்கோ. நான் குறுக்கே நிக்கலை."

அவர் மேல்வேட்டியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஜெயித்துவிட்ட திமிர். அப்போது பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. கரண்டியை இறக்கி வைத்துவிட்டு வாசற்படிக்கு வந்திருந்தாள்.

"அவரை ஏன் படுத்தறே? நீதானே எழுதினே. நீ வாசி."

காகிதத்தை எடுத்தேன். என் கையெழுத்துதான். அம்மா எதிரே நின்றாள். அடுப்புச் சூட்டில் முகம் சிவந்து, பசியில் கண் உள்ளே போயிருந்தது. முதல் வார்த்தை 'என் தாய்' என்று ஆரம்பிக்கிறது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சண்டைக்காரி, கடிக்கிறவள், லைப்ரரியையே தலைகீழாக்கியவள், நான்கு வார்த்தை வாசிக்க முடியாமல் நின்றேன்.

அம்மா தலையை அசைத்தாள். "வேண்டாம் விடு. எனக்குத் தெரியும்" என்றாள்.

அம்மாவின் அப்பா பிள்ளைகளுக்குப் பொருளோடு வேதம் சொல்லிக்கொடுத்தவர். உள்ளே அரிசி பொறுக்கிக்கொண்டே அம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்பே இந்த வரியின் பொருள் அவளுக்குத் தெரியும். பெண் கேட்கக் கூடாதென்று யாரும் அவள் காதைப் பொத்தியிருக்கவில்லை.

அண்ணா ஹோமத்திலிருந்து தலையைத் தூக்கினார். "தெரிஞ்சுண்டா இத்தனை வருஷம் சும்மா இருந்தே?"

"நீ தெரியாம சொன்னே. தெரியாம சொல்றவன்கிட்ட என்னன்னு கோவிச்சுக்கறது?" என்றாள் அம்மா. "இப்போ உனக்குத் தெரிஞ்சுடுத்து. சொல்லு. நான் இங்கேயே நின்னு கேட்டுக்கறேன்."

வாத்தியார் பழக்கத்தில் வரியின் முதல் வார்த்தையை எடுத்துக்கொடுத்தார். அண்ணா திருப்பிச் சொல்லவில்லை. இரண்டாம் முறை எடுத்துக்கொடுத்தார். அண்ணா நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புகையா அழுகையா தெரியவில்லை, கண் வழிந்தது. மூன்றாம் முறையும் பதில் வராதபோது வாத்தியார் பலகையில் இருந்த பெரியவர்களைப் பார்த்தார். அவர்கள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த மந்திரத்துக்குப் போனார்.

வானம் இடிந்து விழவில்லை. பிண்டம் வைத்தாயிற்று, பெரியவர்கள் சாப்பிட்டார்கள், காகம் வழக்கம்போல் வந்து எடுத்தது. வீதி ஒரு மாதம் எங்களைப் பற்றிப் பேசியது. ஏற்கனவே பேசாத புதுச் செய்தி எதுவும் அதில் இல்லை. வாத்தியார் இனி வரமாட்டார் என்று நினைத்தேன். மறு வருஷமும் அவரேதான் வந்தார். அந்த இடத்தில் தானாகவே வாயை மூடிக்கொண்டார். மற்ற வீடுகளில் எப்படி என்று கேட்டேன். அவர் தர்ப்பைக் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தார்.

நான் குறுக்கே பேசிய அந்தத் திவசத்தன்று மூன்று மணிக்கு மேல்தான் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா பரிமாறினாள். அண்ணா நிமிரவில்லை. ரசத்தைக் கலந்து ஒரு வாய் போட்டதும் எனக்கு வித்தியாசம் தெரிந்தது.

"தாளிக்க மறந்துட்டியாம்மா?"

"மறக்கலை."

"பின்னே?"

அம்மா அண்ணாவின் இலையில் சாதம் வைத்தாள். "வருஷா வருஷம் அவன் அந்த வரிக்கு வரச்சே தாளிப்பேன். என் காதுல விழாம இருக்கட்டும்னு. இன்னிக்கு அவசியம் இருக்கலை."

அண்ணா இலையில் சாதத்தைக் குழித்தார். பிறகு, "இன்னும் கொஞ்சம் ரசம் விடும்மா" என்றார்.